வானத்தில் நிற்பது கேமரா அல்ல

ஐப்பசி பிறந்தால் போதும், தமிழ்நாட்டில் கைபேசிக்குக் கைபேசி ஒரே படம் சுற்றத் தொடங்கிவிடும். வங்கக் கடலின் மேல் வெள்ளையாக ஒரு திரள். அதன் கீழே யாரோ ஒருவர், "சாட்டிலைட் படத்தைப் பாருங்கள், இன்று ராத்திரி சென்னை அவ்வளவுதான்" என்று எழுதியிருப்பார். மழை ஏமாற்றிவிட்டால் மறுநாள் கேலி வானிலை ஆய்வு மையத்தின் பக்கம் திரும்பும். "இத்தனை கோடி செலவழித்து மேலே அனுப்பியிருக்கிறார்கள், படத்தில் பளிச்சென்று தெரிகிறது, அதைப் பார்த்துச் சொல்லக்கூட ஆளில்லையா?" டீக்கடை, தொலைக்காட்சி விவாதம், அரசியல்வாதியின் பேட்டி என்று எங்கே கேட்டாலும் இந்தக் கேள்விக்கு அடியில் கிடப்பது ஒரே நம்பிக்கை. மேலே ஒரு கேமரா நிற்கிறது. அது வானிலையைப் படம் பிடிக்கிறது. படத்தில் தெரிவதைப் படித்துச் சொல்வதுதான் முன்னறிவிப்பு. ஆகவே படம் எவ்வளவு துல்லியமோ, முன்னறிவிப்பும் அவ்வளவு துல்லியமாக இருந்தாக வேண்டும்.

இந்த நம்பிக்கையின் ஒவ்வொரு வரியும் தவறு என்பதே என் வாதம். படிக்காதவர்களின் மயக்கம் என்று இதை ஒதுக்கவும் முடியாது. பொறியியல் படித்தவர்கள், அறிவியல் கட்டுரை எழுதுகிறவர்கள், செய்தி ஆசிரியர்கள் எல்லோரும் இதே தடத்தில்தான் பேசுகிறார்கள். வானிலைச் செயற்கைக்கோளால் நமக்குக் கிடைக்கும் பெரும்பயன் அது காட்டும் படத்தால் வருவதில்லை. பூமியே தெரியாதபடி காற்று மறைத்துக்கொள்ளும் அலைநீளங்களில் அது அளக்கும் கதிர்வீச்சால் வருகிறது. அந்த அளவுகளில் மிகப் பெரும்பாலானவற்றை எந்த மனிதக் கண்ணும் பார்ப்பதே இல்லை.

முதலில் அந்த வெள்ளைத் திரளையே எடுத்துக்கொள்வோம். இரவு பதினொரு மணிக்கு வரும் படத்தில் மேகம் வெள்ளையாகத் தெரிகிறதே, எந்த வெயிலில்?

இந்தியாவின் இன்சாட்-3டி வரிசைச் செயற்கைக்கோள்களில் இருக்கும் படக்கருவிக்கு ஆறு சேனல்கள். அவற்றில் இரண்டு சூரிய ஒளியை நம்பியவை: கண்ணுக்குப் புலப்படும் ஒளியில் ஒன்று, 1.6 மைக்ரான் அருகே இன்னொன்று. இருட்டியதும் அவை ஓய்ந்துவிடும். இரவு பகல் பாராமல் செய்தியில் வரும் படம் 10.3 முதல் 11.3 மைக்ரான் வரையிலான வெப்ப அகச்சிவப்புச் சேனலிலிருந்து வருவது. தரையும் கடலும் மேகமும் தத்தம் சூட்டுக்கு ஏற்ப வெளியிடும் கதிர்வீச்சை அது அளக்கிறது. வெளிச்சத்துக்கு அங்கே வேலையே இல்லை. சூடான பொருள் அதிகம் கதிர்வீசும், குளிர்ந்தது குறைவாகக் கதிர்வீசும். அளந்ததை அப்படியே படமாக்கினால் மதிய வெயிலில் காய்ந்த தரை பளபளக்கும். பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் உறைந்து கிடக்கும் மேக உச்சி கன்னங்கரேலென்று இருக்கும். பார்ப்பவர் குழம்பக் கூடாதென்று அதைத் தலைகீழாக்கி, குளிர்ச்சிக்கு வெள்ளை, சூட்டுக்குக் கறுப்பு என்று வைத்திருக்கிறார்கள். இடையிடையே வரும் சிவப்பும் மஞ்சளும் கணினியில் பூசிய சாயம். நாம் மேகத்தின் நிறம் என்று எண்ணிக்கொண்டிருப்பது உண்மையில் அதன் உச்சியின் வெப்பநிலை.

உச்சி குளிர்ந்திருந்தால் மேகம் உயரமானது. சரி, உயரமான மேகமெல்லாம் மழை தருமா? இடிமேகம் கொட்டித் தீர்த்து ஓய்ந்த பிறகும் அதன் தலைப்பகுதி பனித்துகள் திரையாகப் பரந்து, மேல்காற்றோடு நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகும். அகச்சிவப்புப் படத்தில் அது வெள்ளைவெளேர் என்று கண்ணைப் பறிக்கும். கீழே நிற்பவர் மேல் ஒரு சொட்டு விழாது. மாறாக, வடகிழக்குப் பருவத்தில் அதிகம் உயராத மேகங்கள் கடலோரத்தில் வரிசை கட்டி நின்று ஊரையே நனைத்துவிடுவதுண்டு. அவற்றின் உச்சி அவ்வளவு குளிர்ந்ததல்ல என்பதால் படத்தில் சாம்பல் நிறமாகப் பதுங்கிக் கிடக்கும். வெள்ளையைப் பார்த்து மழையைச் சொல்கிறவர் இரண்டு பக்கமும் தோற்பார்.

இவ்வளவும் சாளரம் என்று வானிலையாளர்கள் சொல்லும் அலைநீளத்தின் கதை. 10 முதல் 12 மைக்ரான் வரை காற்று ஏறக்குறைய ஒளிபுகும் நிலையில் இருப்பதால் அங்கே தரையும் மேகமும் தெரிகின்றன. கேமராக் கட்சிக்காரர்களுக்கு இந்தச் சாளரம் ஒன்றே உலகம். அதற்கு இரண்டு பக்கமும் காற்று கதவைச் சாத்திக்கொள்கிறது. 15 மைக்ரானைச் சுற்றிக் கரியமில வாயு, 6 முதல் 7 மைக்ரானை ஒட்டி நீராவி, 9.6 மைக்ரானில் ஓசோன். கீழிருந்து கிளம்பும் வெப்பக் கதிர்களை இந்த வாயுக்கள் விழுங்கிவிடுகின்றன. படம் பிடிக்க வந்தவன் "இங்கே ஒன்றும் தெரியவில்லை" என்று சொல்லிவிட்டுப் போக வேண்டிய இடம் இது. வானிலை அறிவியல் அங்கேதான் கடை விரித்தது.

அதுவும் எப்போது? உலகின் முதல் வெற்றிகரமான வானிலைச் செயற்கைக்கோளான டைரோஸ்-1 ஏவப்பட்டது 1960 ஏப்ரல் 1 அன்று. அதில் இருந்தவை தொலைக்காட்சிக் கேமராக்கள். அவை அனுப்பிய மேகப் படங்களைக் கண்டு உலகம் வாய்பிளந்தது. ஆனால் அதற்கு முந்தைய ஆண்டே, 1959இல், லூயிஸ் கப்லான் என்ற ஆய்வாளர் ஒரு கட்டுரை வெளியிட்டிருந்தார். கரியமில வாயு விழுங்கும் 15 மைக்ரான் பட்டையில் பல அலைநீளங்களில் கதிர்வீச்சை அளந்தால், காற்றின் வெப்பநிலை உயரத்துக்கு உயரம் எப்படி மாறுகிறது என்பதைச் செயற்கைக்கோளிலிருந்தே கணக்கிட்டுவிடலாம் என்பது அவர் சொன்ன வழி. முதலில் கேமரா வந்தது, பிறகு மெல்ல மெல்ல நுட்பமான கருவிகள் வந்தன என்று நாம் படித்துவைத்திருக்கும் வரிசை, சிந்தனையைப் பொறுத்தவரை தலைகீழ். படம் எடுக்காமல் அளப்பது எப்படி என்று, படம் எடுக்கும் முன்பே யோசித்துவிட்டார்கள்.

அந்த வழியின் அழகைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். எந்த அலைநீளத்தை ஒரு பொருள் நன்றாக விழுங்குமோ அதே அலைநீளத்தில் அது நன்றாகக் கதிர்வீசவும் செய்யும். 19ஆம் நூற்றாண்டில் கிர்ஹோஃப் கண்டு சொன்ன விதி இது. ஆகவே 15 மைக்ரானில் தரை மறைந்துபோனாலும் செயற்கைக்கோளுக்கு இருட்டு கிடைப்பதில்லை, மறைத்துக்கொண்டு நிற்கும் காற்றின் சொந்தக் கதிர்வீச்சு கிடைக்கிறது. எந்த உயரத்துக் காற்று? கொடைக்கானல் மலைப்பாதையில் மூடுபனிக்குள் வண்டி ஓட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பனி அடர்ந்திருந்தால் பார்வை பத்தடியில் முடிந்துவிடும். இலேசாக இருந்தால் நூறடி போகும். பார்வை எங்கே நிற்கிறதோ அந்த இடத்துப் பனிதான் கண்ணுக்குத் தெரிவது. கரியமில வாயுவின் பட்டையில் அலைநீளத்தைச் சற்றே நகர்த்தினால் அடர்த்தி மாறிவிடும். பட்டையின் நட்டநடுவில் காற்று மிக அடர்ந்த திரை. மேலிருந்து பார்க்கும் கருவியின் பார்வை 20 கிலோமீட்டருக்கும் மேலே, ஓசோன் இருக்கும் அடுக்கு மண்டலத்திலேயே நின்றுவிடும். 14 மைக்ரானை நெருங்கினால் இன்னும் கீழே, இடிமேகங்களின் தலை முட்டும் உயரங்களுக்கு இறங்கும். 13.3 மைக்ரானில் தரையை ஒட்டிய சில கிலோமீட்டர் வரை வந்துவிடும். ஒவ்வொரு சேனலும் ஓர் உயரத்துக் காற்றின் சூட்டைச் சொல்கிறது.

இதற்குக் கரியமில வாயுவைத் தேர்ந்ததிலும் காரணம் உண்டு. அது உலகெங்கும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் கலந்திருக்கிறது. அதன் அளவு முன்கூட்டியே தெரியும் என்பதால், கணக்கில் தெரியாதது வெப்பநிலை ஒன்றுதான். நீராவி அப்படியல்ல, இங்கே இருக்கும், அங்கே இருக்காது. எனவே கரியமில வாயுவைக் கொண்டு முதலில் வெப்பநிலையைக் கண்டுபிடித்து, அதை வைத்துக்கொண்டு நீராவிச் சேனல்களில் நீராவி எவ்வளவு என்று கணக்குப் போடுகிறார்கள்.

கப்லான் சொன்ன வழி விண்ணுக்குப் போனது 1969 ஏப்ரல் 14 அன்று, நிம்பஸ்-3 செயற்கைக்கோளில். டேவிட் வார்க் குழுவினர் உருவாக்கிய அகச்சிவப்பு நிறமாலைமானி அதில் இருந்தது. எட்டே எட்டு சேனல்கள்: ஏழு 15 மைக்ரான் பட்டையில், ஒன்று சாளரத்தில். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகருக்கு மேல் அது அளந்ததிலிருந்து கணக்கிட்ட வெப்பநிலையை, அங்கே பறக்கவிட்ட பலூன் அளந்த வெப்பநிலையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் நெருங்கிப் பொருந்தின. ஆயிரம் கிலோமீட்டருக்கும் மேலே பறக்கும் ஒரு பெட்டி, காற்றைத் தொடாமலேயே அதன் சூட்டை அடுக்கு அடுக்காகச் சொல்லிவிட்டது. அன்றைய செய்தித்தாளில் போட அதில் படம் ஒன்றும் இல்லை. நம் நினைவில் அது தங்காமல் போனதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

இனி நீராவிப் படத்துக்கு வருவோம். கேமரா மயக்கம் மிகுந்த சேதம் செய்வது இதில்தான். காற்று கதிர்களை விழுங்கும் அலைநீளங்களில் அளக்கும் இந்த உட்கவரும் சேனல்களில் பொதுமக்கள் கண்ணில் படுவது ஏறக்குறைய இது ஒன்றே. ஐரோப்பாவின் மீட்டியோசாட் 1977இல் ஏறியபோது புவிநிலைச் சுற்றுப்பாதையிலிருந்து இப்படிப்பட்ட படங்கள் முதலில் வந்தன. இந்தியச் செயற்கைக்கோள்களில், 1999இல் ஏவப்பட்ட இன்சாட்-2இ, பிறகு 2002இல் ஏவப்பட்ட கல்பனா-1 ஆகியவற்றில் இந்தச் சேனல் இருந்தது. இன்றைய இன்சாட்-3டி வரிசையில் அது 6.5 முதல் 7.1 மைக்ரான் வரை. சமூக ஊடகத்தில் இந்தப் படத்தைப் போட்டு, "பாருங்கள், தமிழ்நாடு முழுக்கக் கறுப்பு, காற்றில் ஈரமே இல்லை, மழைக்கு வாய்ப்பே இல்லை" என்று தீர்ப்பு எழுதுகிறவர்களை நானே பலமுறை பார்த்திருக்கிறேன்.

சித்திரை மாதத்துச் சென்னையில் சட்டை உடம்போடு ஒட்டிக்கொள்ளும் ஓர் இரவில் அந்தப் படத்தை எடுத்துப் பாருங்கள். வியர்வை வழிகிறது, படமோ வறட்சி என்கிறது. படம் பொய் சொல்லவில்லை. காற்றில் உள்ள நீராவியில் பெரும்பகுதி தரையிலிருந்து இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள் அடங்கிவிடும். நீராவிச் சேனலோ மேலிருந்து இறங்கும்போதே, சொற்ப நீராவியிலேயே பார்வையை இழந்துவிடுகிறது. அது சொல்வதெல்லாம் ஏறக்குறைய 5 முதல் 10 கிலோமீட்டர் உயரத்துச் சேதி. பெயர் நீராவிப் படம். காற்றிலுள்ள நீராவியில் பெரும்பங்கு அதில் இல்லை. மேலே காற்று வறண்டிருந்தால் பார்வை இன்னும் கொஞ்சம் கீழே, சூடான அடுக்கு வரை போகும், அதனால் கறுப்பாகத் தெரியும். மேலே ஈரமாக இருந்தால் பார்வை குளிர்ந்த உயரத்திலேயே தடுக்கி நிற்கும், வெளுப்பாகத் தெரியும். தரையில் என்ன ஈரம் என்று அதனிடம் கேட்பது கேட்கிறவரின் குற்றம்.

ஆனால் சரியான கேள்வியைக் கேட்டால் இதே படம் பொக்கிஷம். வங்கக் கடலில் ஒரு புயல் திரளும்போது வடமேற்கிலிருந்து வறண்ட காற்று நாக்கைப் போல நீண்டு வந்து அதைச் சுற்றிக்கொள்கிறதா என்று முன்னறிவிப்பாளர்கள் கவலையோடு பார்ப்பது இந்தப் படத்தில்தான். மேகமே இல்லாத இடத்திலும் நீராவியின் சுழிப்புகள் நகர்வதைத் தொடர்ந்து அளந்து, மேல்காற்றின் திசையையும் வேகத்தையும் கணக்கிட்டுவிடுகிறார்கள். சாளரப் படத்தில் அங்கே வெறும் கடல் தெரியும்.

கேமராக் கட்சியின் அடுத்த வாதம் துல்லியம். வெளிநாட்டுத் தனியார் நிறுவனங்களின் படங்களில் வீட்டு மொட்டைமாடி தெரிகிறதே, நம் வானிலைப் படத்தில் ஒரு புள்ளி நான்கு கிலோமீட்டராமே என்பார்கள். உண்மைதான். இன்சாட்-3டியில் புலப்படும் ஒளிச் சேனல் ஒரு கிலோமீட்டர், வெப்பச் சேனல்கள் நான்கு, நீராவிச் சேனல் எட்டு, வெப்பநிலையும் ஈரமும் அளக்கும் சவுண்டர் எனப்படும் கருவி பத்து. மொட்டைமாடியைக் காட்டும் செயற்கைக்கோள் சில நூறு கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, ஓர் இடத்தைச் சில நொடிகளில் கடந்துவிடுகிறது. வானிலைச் செயற்கைக்கோளோ 36,000 கிலோமீட்டரில் நின்று ஏறக்குறைய பாதி உலகத்தை இடைவிடாமல் பார்க்கிறது. அதோடு, குளிர்ந்த மேல்காற்று மிக ஒடுங்கிய அலைநீளப் பட்டையில் அனுப்பும் கதிர்வீச்சு மிகச் சொற்பம். நம்பத்தக்க அளவுக்கு அதைத் திரட்ட வேண்டுமானால் அகலமான பரப்பிலிருந்து திரட்டியாக வேண்டும். புள்ளி பெரிதாக இருப்பதற்குச் சோம்பல் காரணமல்ல. வானிலைக்கு வேண்டிய துல்லியமும் வேறு: எத்தனை மீட்டர் என்பதைவிட, அளந்த வெப்பநிலையில் பிழை ஒரு டிகிரியா, கால் டிகிரியா என்பதே பெரிய கேள்வி. மொட்டைமாடியில் காயும் வடகம் தெரிந்து வானிலைக்கு ஆவதொன்றும் இல்லை.

உலகம் எந்தத் துல்லியத்தின் பின்னால் ஓடியது என்று பார்த்தாலே இது புரியும். நிம்பஸ்-3இல் எட்டு சேனல்கள் என்றேன். அகமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையம் உருவாக்கிய இன்சாட்-3டி சவுண்டரில் 18 அகச்சிவப்புச் சேனல்கள், துணைக்கு ஒளிச் சேனல் ஒன்று. அவற்றில் ஏழு, 14.7 மைக்ரானிலிருந்து 12 மைக்ரான் வரை, கரியமில வாயுவின் பட்டையிலிருந்து சாளரத்தை நோக்கிப் படிப்படியாக இறங்கி வருபவை. 2002இல் ஏவப்பட்ட அமெரிக்காவின் அக்வா செயற்கைக்கோளில் இருக்கும் ஏர்ஸ் கருவிக்கு 2,378 சேனல்கள். 2006இல் ஏவப்பட்ட ஐரோப்பாவின் மெட்டாப்-ஏ செயற்கைக்கோளின் இயாசி கருவிக்கு 8,461. பெரும்பணம் போனது படத்தின் கூர்மைக்கு அல்ல, அலைநீளத்தை மேலும் மேலும் மெல்லிசாகச் சீவுவதற்கு.

இந்த 8,461 எண்களை யார் பார்க்கிறார்கள்? யாரும் பார்ப்பதில்லை. அவற்றில் தேர்ந்தெடுத்த சில நூறு நேராகக் கணினிக்குப் போகின்றன. போய் என்ன ஆகின்றன என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது.

ஆரம்ப காலத்தில் சேனல் அளவுகளை வெப்பநிலையாக மாற்றி, பலூன் தரும் அளவைப் போலவே, முன்னறிவிப்பைக் கணக்கிடும் கணினி மாதிரிகளுக்கு ஊட்டினார்கள். எதிர்பார்த்த பலன் வடக்கு அரைக்கோளத்தில் கிடைக்கவில்லை. சில சமயம் முன்னறிவிப்பு மோசமாகவும் ஆனது. காரணம் கணக்கிலேயே இருந்தது. ஒவ்வொரு சேனலும் சொல்வது பல கிலோமீட்டர் தடிமனுள்ள ஓர் அடுக்கின் சராசரியை. அடுக்குகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்து கிடக்கின்றன. ஒரே எண் வரிசைக்குப் பொருந்தும் வெப்பநிலை விடைகள் எத்தனையோ இருக்கும். அவற்றில் ஒன்றைத் தேர, முன்கூட்டியே ஓர் ஊகம் வேண்டும். அந்த ஊகத்தின் பிழை அளவுக்குள்ளும் புகுந்துவிடும். 1990களில் வழியை மாற்றினார்கள். கணினி மாதிரியில் இப்போது இருக்கும் காற்று உண்மையானால் இந்தச் சேனலில் எவ்வளவு கதிர்வீச்சு தெரிய வேண்டும் என்று முதலில் கணக்கிடுவது, பிறகு செயற்கைக்கோள் உண்மையில் அளந்ததோடு ஒப்பிடுவது, வேறுபாட்டுக்கு ஏற்ப மாதிரியைத் திருத்துவது. 1997 நவம்பரில் ஐரோப்பிய நடுத்தர கால முன்னறிவிப்பு மையம், நேரத்தையும் கணக்கில் சேர்த்துத் திருத்தும் முறைக்கு மாறியது. நொய்டாவில் உள்ள நம் தேசிய முன்னறிவிப்பு மையமும் இன்று இந்த வழியில்தான் செயற்கைக்கோள் கதிர்வீச்சை மாதிரிக்குள் செலுத்துகிறது.

பலன் கண்கூடு. பலூன் நிலையங்கள் அரிதாகவும் கடல் பெரிதாகவும் இருக்கும் தெற்கு அரைக்கோளத்தில் 1980களில் முன்னறிவிப்பு வடக்கைவிட வெகுவாகப் பின்தங்கியிருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்துக்குள் அது வடக்கை ஏறக்குறைய எட்டிப் பிடித்துவிட்டது. படங்கள் கூர்மையானதால் அல்ல. படங்கள் முன்பும் நன்றாகத்தான் இருந்தன.

வழியில் இன்னொரு கூட்டத்துக்கும் ஒரு வார்த்தை. காற்றில் 0.04 சதவீதம் இருக்கும் கரியமில வாயு பூமியின் வெப்பத்தை என்ன செய்துவிட முடியும் என்று கேட்கிறவர்கள் தமிழிலும் பெருகிவிட்டார்கள். 1970இல் நிம்பஸ்-4 சகாராவின் மேல் பறந்தபோது சாளர அலைநீளத்தில் தெரிந்தது 40 டிகிரியைத் தாண்டிச் சுட்ட மணல். 15 மைக்ரானில் தெரிந்தது மைனஸ் 50 டிகிரியை ஒட்டிய மேல்காற்று. அந்தச் சொற்ப வாயு அவ்வளவு மணலையும் முழுதாக மறைத்துவிட்டது. அது மறைக்காவிட்டால் நிம்பஸ் முதல் இன்சாட் வரை எந்த சவுண்டரும் இயங்கியிருக்காது. காலையில் வானிலை முன்னறிவிப்பைப் படித்துவிட்டு மாலையில் அந்த வாயுவால் ஒன்றும் ஆகாது என்று எழுதுவது எப்படி என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

உட்கவரும் சேனல்களின் மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மெல்லிய கீற்றுமேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கரியமில வாயுச் சேனல்களை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கிறார்கள். 11 மைக்ரானிலும் 12 மைக்ரானிலும் நீராவி சற்று வேறுபட்டு விழுங்குவதால், அந்த வேறுபாட்டைக் கொண்டு கடற்பரப்பு வெப்பநிலையைத் திருத்துகிறார்கள். அதே இரண்டு சேனல்களின் வேறுபாடு எதிர்மறையானால் அது எரிமலைச் சாம்பலாக இருக்கலாம் என்று விமானங்களை எச்சரிக்கிறார்கள். இவை எல்லாமே கழித்தல் கணக்குகள்.

என் வாதத்தைக் கேட்டுவிட்டு எதிர்ப்பக்கம் சாய்கிறவர்களும் உண்டு. காற்றின் சூட்டை அடுக்கு அடுக்காக மேலிருந்தே அளக்கலாம் என்றால் தினமும் பலூன் விடுவது எதற்கு என்பார்கள். இதுவும் அதே மயக்கத்தின் மறுபக்கம்: செயற்கைக்கோள் எல்லாவற்றையும் பார்த்துவிடும் என்பது. அகச்சிவப்புக்கு அடர்ந்த மேகம் சுவர். அதற்குக் கீழே என்ன நடக்கிறது என்று ஒரு சேனலும் சொல்லாது. அங்கே நுண்ணலைக் கருவிகளும் ரேடாரும்தான் துணை. மேகமில்லாத நாளிலும், தரையிலிருந்து அரை கிலோமீட்டர் உயரத்தில் மெல்லிசாகப் படிந்திருக்கும் ஒரு சூடான அடுக்கை, மழை வருமா வராதா என்பதையே முடிவு செய்யக்கூடிய அந்த அடுக்கை, சவுண்டர் சராசரிக்குள் கரைத்துவிடும். மீனம்பாக்கத்திலும் காரைக்காலிலும் விடும் பலூன் அதைத் தொட்டுக்கொண்டே மேலே போகிறது. செயற்கைக்கோளின் அளவுகளில் பிழை சேர்ந்துவிட்டதா என்று சரிபார்க்கவும் பலூன்தான் வேண்டும். வங்கக் கடலின் நடுவில் பலூன் விட யாருமில்லை, அங்கே சேனல்களை விட்டால் வேறு கதியில்லை. ஒன்றை வைத்து மற்றொன்றை ஒழிக்கப் பார்ப்பது சிக்கனமாகாது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறக்குறைய 95 செ.மீ. மழை கொட்டியது. அதன் பிறகு எழுந்த குரல்களில், படத்தில் தெரிந்த மேகத்தைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள் என்ற குற்றச்சாட்டும் கேட்டது. மேகம் தெரிந்தது, மறுக்கவில்லை. மேக உச்சியின் வெப்பநிலையை வைத்துக்கொண்டு கீழே பெய்யப்போவது 20 செ.மீ.யா 95 செ.மீ.யா என்று சொல்லக்கூடிய வித்தை எந்த நாட்டிலும் கிடையாது. அதை முடிவு செய்தது மேகத்துக்கு அடியில், கடலிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டு மணிக்கணக்கில் ஒரே இடத்தில் வந்து குவிந்த கீழ்க்காற்று. அகச்சிவப்புக்கு மேகம் சுவர் எழுப்பும் இடம் அது.

வானிலை ஆய்வு மையத்துக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் நினைக்க வேண்டாம். தவறிய முன்னறிவிப்பைக் கேள்வி கேட்க மக்களுக்கு எல்லா உரிமையும் இருக்கிறது. 2021 டிசம்பர் 30 அன்று எச்சரிக்கையே இல்லாமல் சென்னை மூழ்கியபோது கோபப்பட்டவர்கள் கோபப்பட்டது நியாயம். ஆனால் கேள்வி சரியான இடத்தில் விழ வேண்டும். தென்மாவட்டங்களை முழுதாகப் பார்க்க ரேடார்கள் போதுமா? பலூன் ஒரு நாளைக்கு எத்தனை முறை போகிறது, விடுபட்ட நாட்கள் எத்தனை? நம் சவுண்டரின் அளவுகளில் எத்தனை பங்கு மாதிரிக்குள் போகின்றன, எத்தனை பங்கு மேகத்தால் தள்ளுபடி ஆகின்றன? கடலோரத்துக்கு மாதிரியை எவ்வளவு நுணுக்கமாக ஓட்டுகிறார்கள்? இவற்றைக் கேட்டால் அதிகாரிகள் பதில் சொல்லியாக வேண்டும். "படத்தில் தெரிந்ததே" என்று கேட்டால் சிரித்துவிட்டுத் தப்பிவிடுவார்கள். கேமரா நம்பிக்கை அவர்களுக்கும் வசதியாகத்தான் இருக்கிறது.

படத்துக்கு வேலையே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. வெர்னான் டிவோராக் 1970களில் வகுத்த முறைப்படி, அகச்சிவப்புப் படத்தில் புயலின் வடிவத்தையும் மேக உச்சியின் குளிர்ச்சியையும் கொண்டு அதன் வலிமையை இன்றும் மதிப்பிடுகிறார்கள். விமானத்தை உள்ளே அனுப்பி அளக்கும் வழக்கமில்லாத நம் கடல்களில் அதுவே முதல் ஆதாரம். அதைச் செய்கிறவர்கள் எந்தச் சேனல், எத்தனை டிகிரி என்று தெரிந்து பார்க்கிறார்கள். அந்த அறிவு இல்லாமல் பகிரப்படும் படம் வதந்திக்குத்தான் உதவும்.

ஆகவே செய்தி ஆசிரியர்களிடமும், கையில் வரும் படத்தை அடுத்தவருக்குத் தள்ளிவிடுகிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வானிலைத் துறை வெளியிடும் படத்தின் ஓரத்தில் எந்தச் செயற்கைக்கோள், எந்தச் சேனல், எந்த நேரம் என்று எழுதியிருக்கும். அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். டிஐஆர் என்றிருந்தால் மேக உச்சியின் சூடு, டபிள்யூவி என்றிருந்தால் மேல்காற்றின் ஈரம் என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். அதில் உள்ள நேரம் உலகப் பொது நேரமாக இருந்தால், ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ளுங்கள்.